ஏப்ரல் பனியில் கார்ன் மோர் ஜெராக்கிலிருந்து பென் நெவிஸ் வரை

"ஏப்ரல் நடுவில் நானும் என் நண்பரும் ஸ்காட்லாந்து வருகிறோம். கோடையில் சாதாரணப் பாதையில் பென் நெவிஸ் ஏறி இறங்கியிருக்கிறோம். இந்தமுறை பனி இருக்கும்போது பக்கத்தில் உள்ள கார்ன் மோர் ஜெராக்கில் ஏறி, இரண்டு சிகரங்களுக்கும் நடுவே உள்ள முகட்டின் மேலேயே நடந்து பென் நெவிஸுக்குப் போக ஆசை. பனிக்கோடரியும் கிராம்பானும் இதுவரை தொட்டதில்லை. முடியுமா? வழிகாட்டி வேண்டுமா?" இதுதான் உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் அதற்கு முன் இரண்டு நாளாவது பனியில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பனிக்காலத்தில் இந்த முகட்டுக்கு ஸ்காட்லாந்தில் கொடுத்திருக்கும் தரம் கிரேடு ஒன்று. குளிர்கால ஏற்ற வரிசையில் அதுதான் முதல் படி. நல்ல பனி இருக்கும் நாளில் பலர் கயிறு இல்லாமலே போய் வருகிறார்கள். கிராம்பான் என்ற பல்வைத்த உலோகச் சட்டத்தைப் பூட்ஸ் அடியில் மாட்டி நடப்பது பழக்கமாகிவிட்டவர்களுக்குத்தான் அது எளிது. நான் இதைப் பனியில் நான்கு முறை முழுதாக நடந்திருக்கிறேன், ஒருமுறை பாதியில் திரும்பியிருக்கிறேன். முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் முகடு எவ்வளவு குறுகல் என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதும், முகடு முடிந்த பிறகு என்ன வருகிறது என்பதும்.

முதலில் இடம். பென் நெவிஸ் 1,345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. 2016 வரை வரைபடங்களில் 1,344 என்றுதான் இருந்தது, புதிதாக அளந்து ஒரு மீட்டர் கூட்டினார்கள். கார்ன் மோர் ஜெராக் 1,220 மீட்டர். கேலிக் மொழியில் 'பெரிய சிவப்புக் குன்று' என்று பொருள். கோடையில் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று உடனே தெரியும், முழுக்கச் சிவந்த கிரானைட் கல். பென் நெவிஸின் தலைப்பகுதி வேறு வகை, நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை. இரண்டு மலைகளும் சேர்ந்து ஒரு குதிரை லாடம் போல இருக்கின்றன. நடுவே ஆல்ட் அ வூலின் என்ற ஓடை வடக்கு நோக்கி இறங்குகிறது. லாடத்தின் வளைவுதான் நீங்கள் கேட்கும் முகடு. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளம், நடுவில் 1,058 மீட்டர் வரை தாழ்ந்து மறுபடி ஏறுகிறது. ஏறுபவர்கள் பேச்சில் இதன் பெயர் 'சி.எம்.டி.' மட்டும்தான்.

மலையடிவார ஊரான ஃபோர்ட் வில்லியத்துக்கு அருகே டார்லண்டியில் உள்ள வடமுக வண்டி நிறுத்தத்திலிருந்து கிளம்பி, காட்டுப் பாதையில் ஏறி, ஓடையோரப் பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பி கார்ன் பெக் ஜெராக் என்ற சிறு சிகரத்தின் சரிவைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து மேடு மேடாக ஏறி 1,220க்கு வந்து, முகட்டைக் கடந்து, பென் நெவிஸ் உச்சியைத் தொட்டு, சாதாரணப் பாதையில் இறங்கி, பாதிவழி ஏரிக்கு அருகே வடக்கே திரும்பி மறுபடி ஓடைக்கு வந்தால் வட்டம் முடிகிறது. மொத்தம் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் 1,500 மீட்டர். கோடையிலேயே பத்து மணி நேரம் எடுக்கும் நடை இது. பனியில் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். ஊரில் புல் முளைத்து ஆட்டுக்குட்டிகள் துள்ளும்போது மேலே இன்னும் முழுக் குளிர்காலம்தான். ஃபோர்ட் வில்லியத்தைவிட உச்சி எட்டு, ஒன்பது டிகிரி குளிராக இருக்கும். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்து, உச்சியில் மிக ஆழமாக இருப்பது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். ஜனவரியில் இல்லாத ஒன்று ஏப்ரலில் இருக்கிறது, வெயில். பகலில் வெயில் பட்டு மேல்பனி இளகுகிறது, இரவில் மறுபடி உறைகிறது. இப்படிப் பல நாள் இளகி உறைந்த பனி விடியற்காலையில் சிமெண்ட் தளம் மாதிரி இறுகியிருக்கும். கிராம்பான் பல் 'கிர்ச்' என்று இறங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும், அதைப்போல நம்பிக்கையான தரை வேறு இல்லை. அதே பனி பிற்பகல் இரண்டு மணிக்குக் குழைந்த கஞ்சி மாதிரி ஆகிவிடும். கால் முட்டி வரை புதையும், கிராம்பானுக்கு அடியில் உருண்டையாக ஒட்டும், செங்குத்தான சரிவுகளில் ஈரப்பனி மொத்தமாக வழுக்கிக் கீழே போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரவில் பனி இறுகுமா என்பது குளிரை மட்டும் பொறுத்ததில்லை, வானத்தையும் பொறுத்தது. மேகமில்லாத இரவில் பனியின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. காற்றின் வெப்பம் பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் போர்த்திய இரவில் அது நடக்காது, காலையிலும் கஞ்சிதான். அதனால் முன்தினம் மலை வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது பகல் எப்படி இருக்கும் என்பதோடு நிறுத்தாமல் இரவில் மேகம் உண்டா, உறைநிலை எந்த உயரத்தில் இருக்கும் என்பதையும் பாருங்கள். உறைநிலை உயரம் இரவிலும் 1,500 மீட்டருக்கு மேலே, வானமும் மூடியிருக்கும் என்று போட்டிருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.

நான் திரும்பிய கதை இதோடு சேர்ந்தது. ஏப்ரல் கடைசி வாரம், நானும் இன்னொருவரும். முதல் நாள் நீண்ட பயணம், நன்றாகத் தூங்கிவிட்டு ஒன்பது மணிக்கு வண்டி நிறுத்தத்திலிருந்து கிளம்பினோம். நீலவானம், காற்றே இல்லை, இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று பேசிக்கொண்டே ஏறினோம். கார்ன் மோர் ஜெராக் உச்சிக்கு வரும்போது மணி ஒன்று. முகட்டின் தாழ்ந்த இடத்துக்கு வந்தபோது இரண்டேகால். எதிரே பென் நெவிஸ் உச்சிக்குப் போகும் சரிவு முழுக்க வெயிலில் பளபளத்தது. காலை வைத்தால் தொடை வரை போனது. எங்கள் கண்ணெதிரே அந்தச் சரிவில் சிறுசிறு பனி உருண்டைகள் தானாகக் கிளம்பி, வண்டிச்சக்கரம் போல உருண்டு, பின்னால் கோடு கிழித்துக்கொண்டே இறங்கின. ஈரப்பனி இளகிவிட்டது, மேலே போகாதே என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடையாது. திரும்பினோம். திரும்புவது என்றால் வந்த முகட்டிலேயே நடந்து, 160 மீட்டர் மறுபடி மேலே ஏறி, கார்ன் மோர் ஜெராக்கைத் தாண்டி இறங்குவது. சோர்ந்த காலோடு, புதையும் பனியில், அந்த 160 மீட்டருக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

தாழ்ந்த இடத்திலிருந்து வடக்கே கோரி லேஷ் என்ற குடைவுக்குள் நேராக இறங்கிவிடலாமே என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். தூரம் குறைவு, கீழே மலையேறிகளின் குடிசையும் தெரிகிறது. பனிக்காலத்தில் அந்தச் சரிவு நிழலில் கிடந்து கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், மேலே நின்று பார்த்தால் எவ்வளவு செங்குத்து என்பதும் தெரியாது. பலர் சறுக்கி விழுந்த இடம் அது. ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் கார்ன் மோர் ஜெராக் உச்சி. அங்கே வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள், காலடிப் பனியைப் பாருங்கள். பதினொரு மணி தாண்டிவிட்டது, பனியும் குழைய ஆரம்பித்துவிட்டது என்றால் அங்கிருந்தே வந்த வழியில் இறங்குங்கள். முகட்டுக்குள் இறங்கிவிட்டால் பிறகு சுலபமான வெளியேறும் வழி இல்லை.

சரியாக அமைந்த நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் அங்கே சூரியன் ஆறேகால் வாக்கில் எழுகிறது, இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் மறைகிறது. நாங்கள் நாலரைக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். காட்டை விட்டு வெளியே வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. சதுப்பு நிலம் உறைந்து கெட்டியாக இருந்ததால் கால் நனையவில்லை, அதுவே நல்ல சகுனம். எழுநூறு மீட்டரில் பனி தொடர்ச்சியாக வந்தது. கிராம்பானை அங்கேயே, சமதளத்தில், உட்கார்ந்து மாட்டினோம். சரிவுக்கு வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து.

ஒன்பது மணிக்கு கார்ன் மோர் ஜெராக் உச்சியில் நின்றபோது பென் நெவிஸின் வடமுகம் முழுக்க எதிரே இருந்தது. சாதாரணப் பாதையில் ஏறியிருக்கும் நீங்கள் இந்த மலையை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பக்கம் அது கல் கொட்டிய ஒரு பெரிய மேடு. இந்தப் பக்கம் அறுநூறு மீட்டருக்குமேல் உயரும் கரும்பாறைச் சுவர். அதிலிருந்து முன்னால் நீளும் டவர் ரிட்ஜ், வட கிழக்கு மதில், இடுக்குகளில் தொங்கும் வெள்ளைப் பனி. டவர் ரிட்ஜில் 1892இல் ஹாப்கின்சன் சகோதரர்கள் இறங்கினார்கள். 1894 மார்ச்சில் நார்மன் காலியும் கூட்டாளிகளும் முதன்முதலாகப் பனியில் அதன் மேல் ஏறினார்கள். அந்தக் காலை அங்கே மூன்று பேர் புள்ளிகளாக மெதுவாக நகர்வதைப் பார்த்தோம். ஓடையின் மேல்கோடியில் சி.ஐ.சி. குடிசை, தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. முதல் உலகப் போரில் 1918இல் இறந்த சார்லஸ் இங்லிஸ் கிளார்க்கின் நினைவாக அவர் பெற்றோர் கட்டியது, 1929இல் திறந்தார்கள்.

அப்புறம் முகடு. உச்சியிலிருந்து தெற்கே இறங்கி, மெல்ல மேற்கே வளைகிறது. கோடையில் அது பெரிய கற்கள் அடுக்கிய மதில், கையை ஊன்றி ஊன்றிப் போக வேண்டும். பனியில் கற்களின் இடைவெளிகள் நிறைந்து, சில இடங்களில் இரண்டு அடி அகலத்துக்கு ஒரு வெள்ளை வரப்பு மட்டும் இருக்கும். ஆம், வரப்புதான் சரியான சொல். வயல் வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு அந்த உடல் ஞாபகம் உதவும்: பார்வை நான்கு அடி முன்னால், தோள் தளர்ந்து, அடி சிறிதாக. வித்தியாசம், இங்கே இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் விட்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிராம்பானின் பல் மறுகாலின் காற்சட்டையில் மாட்டித் தலைகுப்புறத் தள்ளும். பனிக்கோடரி எப்போதும் மேட்டுப்பக்கக் கையில் இருக்கட்டும். வரப்பு மிகக் குறுகும் இடத்தில் ஒரு பக்கம் சற்று இறங்கி, முகட்டின் விளிம்பைக் கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போகலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எந்தப் பக்கம் இறங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். காற்று பனியை அடித்துக்கொண்டு வந்து, முகட்டைத் தாண்டியதும் மறுபக்கத்தில் படிய வைக்கிறது. அது வளர்ந்து வளர்ந்து வீட்டு இறவாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கார்னிஸ் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் தரை தொடர்கிற மாதிரியே இருக்கும், அடியில் வெறும் காற்று. பென் நெவிஸ் உச்சியில் வழக்கமான தென்மேற்குக் காற்றால் வடகிழக்கு விளிம்பில்தான் பெரிய கார்னிஸ்கள். ஆனால் இந்த முகடு வில்லாக வளைவதால், தொடக்கத்தில் காற்றுக்கு மறைவாக இருந்த பக்கம் முடிவில் மறைவாக இருக்காது. 'இடது பக்கமே போ' என்று ஒரே விதி சொல்ல முடியாது. இருபது, முப்பது அடிக்கு ஒருமுறை நின்று, முன்னால் வளையும் பகுதியைப் பக்கவாட்டில் பாருங்கள், அங்கிருந்து இறவாரம் தெரியும். கார்னிஸ் உடையும்போது விளிம்போடு மட்டும் உடைவதில்லை, நாம் கெட்டி என்று நினைக்கும் உள்பக்கத்திலும் பல அடி தள்ளி விரிசல் விடும். வசந்தத்தில் வெயில் ஏற ஏற அது இன்னும் மோசம். முன்னால் போனவர் காலடித் தடம் விளிம்பை ஒட்டிப் போகிறது என்பதற்காக அதையே மிதிக்காதீர்கள்.

நல்ல பனியில் முகட்டுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அன்று நடுவில் ஓர் இடத்தில் பாறை ஒன்று பனியிலிருந்து வெளியே நின்று வெயிலில் காய்ந்திருந்தது. அதில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தோம். தெற்கே மேமோர் மலைகள் வரிசையாக வெள்ளை. கிழக்கே ஏனாக் பெக் மிக அருகில். எங்கிருந்தோ பனிக்கட்டி உடைந்து பாறையில் சிதறும் ஒலி மட்டும் அவ்வப்போது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் மறுபடி மறுபடி அங்கே போகிறேன்.

முகடு முடிந்ததும் மனம் தளர்ந்துவிடும், 'கஷ்டமான பகுதி முடிந்தது' என்று. உண்மையில் நாளின் ஆபத்தான முதல் இடம் இப்போதுதான் வருகிறது. தாழ்ந்த இடத்திலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 290 மீட்டர், அகன்ற, செங்குத்தான பனிச்சரிவு. முகட்டில் ஒவ்வோர் அடியும் பார்த்து வைத்தவர்கள் இங்கே பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இறுகிய பனியில் இங்கே தடுக்கினால் நிற்க எதுவும் இல்லை, வலப்பக்கம் கோரி லேஷ் வரை போகும். வழுக்க ஆரம்பித்த முதல் நொடியிலேயே குப்புறப் புரண்டு கோடரியின் மூக்கைப் பனியில் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி வேண்டும் என்று நான் தொடக்கத்தில் சொன்னது முக்கியமாக இதற்காக. படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பாதுகாப்பான சரிவில் ஐம்பது முறை விழுந்து பழகினால்தான் உடல் யோசிக்காமல் செய்யும்.

இரண்டாவது இடம் உச்சி. அங்கே 1883 முதல் 1904 வரை வானிலை ஆய்வு நிலையம் ஒன்று இயங்கியது. இருபது ஆண்டுகள், மணிக்கு ஒருமுறை, குளிர்காலத்திலும் ஆட்கள் வெளியே வந்து அளந்தார்கள். அதற்கு முன் 1881 கோடையில் கிளெமென்ட் ராக் என்பவர் தினமும் மலை ஏறி அளவுகள் எடுத்துவிட்டு இறங்கினார். 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் அங்கே தங்கிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், மேகத்தின் மேல் விழும் நிழலைச் சுற்றித் தெரிந்த வண்ண வளையங்களைப் பார்த்து வியந்து, அவற்றைச் சோதனைச் சாலையில் உண்டாக்க முயன்றார். அந்த முயற்சி, அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறை என்ற கருவியாகி, 1927இல் நோபல் பரிசு வரை போனது. நிலையத்தின் சுவர்கள் இப்போதும் பனிக்கு மேல் தலைகாட்டும். அதன் மேல் ஒரு சிறு அவசரக் கொட்டகை உண்டு.

தெளிந்த வானில் உச்சியிலிருந்து இறங்குவது சாதாரணம். மேகம் மூடினால் வெள்ளைப் பனியும் வெள்ளைக் காற்றும் ஒன்றாகி, காலுக்கு முன்னால் தரை இருக்கிறதா என்பதே தெரியாது. பாதையை நோக்கி நேராக நடந்தால் கார்டிலூ இடுக்கின் தலைக்குப் போய் விழுவீர்கள். நிலையத்து ஆட்கள் குப்பையைக் கொட்டிய இடம் அது. பழைய எடின்பரோவில் மாடியிலிருந்து கழிவு நீரைக் கொட்டும்போது 'கார்டிலூ' என்று கத்துவார்கள், அந்தப் பெயர்தான். அதைத் தவிர்க்க ஒரு முறை இருக்கிறது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உச்சியில் உள்ள நில அளவைத் தூணிலிருந்து வரைபட வடக்குக்கு 231 டிகிரி திசையில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. முதல் கோட்டில் அதிக தூரம் போய்விட்டால் தெற்கே ஃபைவ் ஃபிங்கர் இடுக்கு, அதுவும் கொடியது. 150 மீட்டர் பனியில் உங்களுக்கு எத்தனை அடி என்பதை முன்பே ஊரில் எண்ணிப் பழகுங்கள். கைப்பேசி குளிரில் சட்டென்று அணைந்துவிடும், காம்பஸ் அணையாது.

சாமான்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. விறைப்பான அடி உள்ள பூட்ஸ், அதற்குப் பொருந்தும் கிராம்பான், நேரான கைப்பிடி உள்ள ஒரே ஒரு பனிக்கோடரி, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை. இவற்றில் பலவற்றை வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸை மட்டும் முன்பே போட்டுப் பழகிவிடுங்கள். ஸ்காட்லாந்துப் பனிச்சரிவுத் தகவல் சேவை டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பென் நெவிஸ் உள்ள லொக்காபர் பகுதிக்குத் தினமும் அறிக்கை தருகிறது, எந்தத் திசைச் சரிவு ஆபத்து என்பதையும் படமாகக் காட்டும். நீங்கள் வரும் வாரத்தில் அது நின்றுவிட்டிருந்தால், ஈரப்பனி பற்றி மேலே சொன்னதைத்தான் நம்ப வேண்டும். விபத்து என்றால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், அவர்களிடம் மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் குறைவாக இருந்தால் குறுஞ்செய்தியும் போகும், ஆனால் அதற்குக் கைப்பேசியை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்புங்கள், வரும் பதிலுக்கு 'யெஸ்' என்று அனுப்பினால்தான் பதிவு முடியும்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், உங்கள் நிலையில் கட்டாயம் வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: முதல் இரண்டு நாள் பனிப்பயிற்சி வகுப்பு, அவீமோர் பக்கம் உள்ள கிளென்மோர் லாட்ஜ் போன்ற இடத்திலோ தகுதி பெற்ற பயிற்றுநரிடமோ. ஒரு நாள் ஓய்வு. அதற்குப் பிறகு வரும் மூன்று நாளில் இரவு வானம் தெளிந்திருக்கும் முதல் நாளில் வழிகாட்டியோடு முகடு. மூன்று நாளும் வானிலை கெட்டுவிட்டால் ஓடையோரமாக சி.ஐ.சி. குடிசை வரை நடந்துவிட்டு வாருங்கள். மேலே பனி சரியும் நிலையில் இருந்தால் அதற்கும் மேலே போக வேண்டாம். போக இரண்டரை மணி நேரம், ஏற்றம் 650 மீட்டர்தான். மேகம் கொஞ்சம் விலகினால் வடமுகம் தலைக்கு நேர் மேலே நிற்கும், இடப்பக்கம் அண்ணாந்து பார்த்தால் முகட்டின் முழு வளைவும் தெரியும்.